உன் நோட்டில் நான் எழுதிய பதினொரு பொய்கள்

டேய்,

இன்று காலை பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தள்ளுவண்டியில் இரண்டு மெதுவடை வாங்கினேன். வண்டிக்காரர் சுற்றிக் கொடுத்த தாள் ஏதோ பழைய பொது அறிவுப் புத்தகத்தின் கிழிசல். கேள்விகள் பளிச்சென்று தெரிந்தன. விடைகள் இருந்த பக்கம் எண்ணெய் ஊறிக் கறுத்துவிட்டது. ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்று ஒரு கேள்வி. விடையை வடை குடித்துவிட்டது. மூன்று என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு பக்கத்தில் திரும்பினேன். அங்கே ஒரு மொபெட் நின்றுகொண்டிருந்தது.

நீ இருந்திருந்தால் வடையை என்னிடம் தள்ளிவிட்டுத் தாளை வாங்கி, எண்ணெயைச் சட்டையில் துடைத்து, நாலாக மடித்துப் பையில் வைத்திருப்பாய். நான் தாளைப் போட்டுவிட்டு வடையை வைத்துக்கொள்கிறவன். இன்று இரண்டும் என் கையிலேயே இருந்தன. வடை ஆறிப்போனது. ஆறிய வடையை நான் தின்றதாக வரலாறு இல்லை என்று நீயே சொல்வாய். இன்றைக்கு அந்த வரலாறும் மாறியது.

உனக்குச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. நீ இருந்தபோதே சொல்லியிருந்தால் முதுகில் நாலு அடி விழுந்து அதோடு போயிருக்கும். இப்போது அடிக்க ஆள் இல்லை, அதனால் எழுத வேண்டியிருக்கிறது. எழுதி எங்கே போடுவது என்று தெரியவில்லை. நீ இருக்கும் ஊருக்குப் பின்கோடு என்ன என்பதையும் உன்னைத்தான் கேட்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் வினாடி வினாவுக்கு நம் இரண்டு பேரையும் ஒரே அணியில் போட்டார்கள். நீ பொது அறிவு. நான் பொதுவாகவே அறிவு இல்லாதவன். என்னைச் சேர்த்ததற்கு ஒரே காரணம், கை தூக்குவதில் நான் வேகம். பதில் தெரியுமா என்பதெல்லாம் கை மேலே போன பிறகுதான் யோசிப்பேன். நீ என் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்து, "தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. தெரிஞ்சவன் மாதிரி மூஞ்சிய வெச்சிக்காத" என்பாய்.

பாடத்தைப் பாதியாகப் பிரித்தது நீ. வரலாறும் அறிவியலும் உனக்கு, அரசியலும் பொருளாதாரமும் எனக்கு. நீ வரலாறு, நான் நம்ம ஊர் ஆறு மாதிரி வராத ஆறு என்றேன். நீ சிரிக்கவில்லை. மறுநாள் காலைப் பிரார்த்தனையில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது திடீரென்று சிரித்தாய். வெளியே நிறுத்தினார்கள். உன் சிரிப்பு எப்போதும் ஒரு நாள் தாமதம். ஜோக்கை வீட்டுக்கு எடுத்துப்போய், சரிதானா என்று பார்த்துவிட்டுத்தான் சிரிப்பாயோ என்று எனக்குச் சந்தேகம்.

நமக்கு ஒரே நோட்டு. முன்பக்கத்திலிருந்து உன் பாதி. நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் என் பாதி. உன் பாதியில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று பென்சிலில் சின்னதாக எழுதியிருப்பாய். என் பாதியில் அந்த மாதிரி எதுவும் கிடையாது. பொருளாதாரத்தில் எனக்குப் பொருளும் இல்லை, ஆதாரமும் இல்லை. அப்படியும் என் பக்கங்களை நீ ஒருநாளும் சரிபார்த்ததில்லை. ஏன் என்று நானே ஒரு தடவை கேட்டேன். "உன் பாதியையும் நானே பாத்தா நீ எதுக்குடா?" என்றாய்.

சாயங்காலங்களில் உன்னோடு முள்ளிப்பட்டுக்கு வருவேன். உங்கள் வீட்டில் நுழைந்ததும் தறி. அதைத் தாண்டினால்தான் வீடு. உன் அம்மா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருப்பார். நீ பக்கத்தில் ராட்டையை வைத்து அம்மாவுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டே நோட்டை முழங்காலில் சாய்த்து வைப்பாய். ஊடு நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும்போது நீ கேள்வி கேட்க வேண்டும். அது திரும்பி வரும்போது அம்மா பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அம்மாவின் கால் மிதியிலேயே நின்றுவிடும், தறி நின்றுவிடும். ஒரு சேலை எட்டு நாளில் முடிவதும் பத்து நாளில் முடிவதும் உன் கேள்வியைப் பொறுத்தது என்று அம்மா சொல்வார்.

நாடா போகும் நேரம் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். அதனால் கேள்விகளை வெட்டிச் சின்னதாக்குவாய். புத்தகத்தில் ஒரு முழு வரிக்கு இருப்பதை நீ மூன்று சொல்லில் கேட்பாய்.

"வந்தவாசிச் சண்டை?"

"ஆயிரத்து எழுநூத்து அறுவது."

"எலும்பு?"

"எறநூத்து ஆறு."

"பட்டு நூலு எதால ஆனது?"

"என் முதுகெலும்பால" என்று அம்மா ஒரு தடவை சொன்னார். நீ விடவில்லை. புரதம் என்று சொன்ன பிறகுதான் அடுத்த கேள்வி.

பதினெட்டு முடிந்ததும் குரூப் ஃபோர் எழுதுவேன், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு சீல், அது போதும் என்பாய். அதற்காகத்தான் இத்தனையும் படித்தாய். அம்மா கூடவே பதில் சொன்னது உனக்குத் துணையாக. அப்போது அதை யாரும் படிப்பு என்று நினைக்கவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

பிளஸ் ஒன் காலாண்டு லீவில் எனக்குப் போர் அடித்தது. போர் அடித்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடக் கரும்பலகையில் 'நாளை விடுமுறை' என்று தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு எழுதி, பாதி வகுப்பை வீட்டிலேயே உட்கார வைத்தவன் நான். நோட்டின் என் பாதியில், நல்ல விடைகளுக்கு நடுவே பொய் விடைகளை விதைத்தேன். மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர். நான் பதினான்கு என்று எழுதினேன். குடியரசுத் தலைவராக முப்பத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டும். நான் நாற்பது ஆக்கினேன். ஒரு ரூபாய் நோட்டில் கையெழுத்துப் போடுவது நிதித்துறைச் செயலர். நான் நிதியமைச்சரைப் போட வைத்தேன். இப்படிப் பதினொன்று. ஏப்ரல் ஒன்றாம் தேதி வரை காத்திருந்து, தறிக்கு முன்னால் நின்று, ஒவ்வொன்றாக உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது திட்டம். நீ என்னைத் துரத்துவாய். மறுநாள் சிரிப்பாய்.

கார்த்திகை மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் பார்க்க வந்தேன். போர்வைக்குள்ளிருந்து உன் தலை மட்டும் வெளியே தெரிந்தது. என்ன கொசு கடித்தது என்று கேட்டேன். நீ கண்ணைத் திறக்காமல், "ஏடிஸ். பகல்ல கடிக்கும். நல்ல தண்ணில முட்டை வெக்கும். என் பாதிடா அது, நீ ஏன் கேக்குற" என்றாய். அன்றைக்கு அந்தப் பதினொன்றையும் சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. காய்ச்சல்காரனைச் சிரிக்க வைத்தால் நல்லதுதானே. ஆனால் ஏப்ரலுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. நல்ல தமாஷை வீணாக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். நாலாம் நாள் உன்னை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறாம் நாள் கொண்டுவந்தார்கள்.

நோட்டையும் உன்னோடு மண்ணுக்குள் வைத்துவிட்டார்கள். தலைமாட்டில். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். முன்பக்கம் மேலே இருந்ததா, பின்பக்கம் மேலே இருந்ததா என்று இப்போதும் யோசிக்கிறேன். அந்த நேரத்தில் மனசுக்குள் ஓடியது உன்னைப் பற்றிய நினைப்புகூட இல்லை. தப்பித்தோம் என்று ஓடியது. இதை வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஏப்ரல் ஒன்று வந்தது. அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. வகுப்பில் எல்லோரும் நான் ஏதோ பெரிதாகத் திட்டம் போடுகிறேன் என்று பயந்து, நாற்காலியைத் தட்டிப் பார்த்துத்தான் உட்கார்ந்தார்களாம்.

உன் அம்மா மூன்று மாதம் தறியில் உட்காரவில்லை. பிறகு உட்கார்ந்தார். நான் போய் வாசலில் நிற்பேன், உள்ளே தறிச்சத்தம் மட்டும் கேட்கும், திரும்பி வந்துவிடுவேன். ஒருநாள் அவரே கூப்பிட்டார். பழைய பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பாவாடை நாடாவால் கட்டிய ஒரு பையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தார். குரூப் ஃபோர் விண்ணப்பம் போட வேண்டும், கம்ப்யூட்டர் கடைக்குக் கூட்டிப்போ என்றார்.

யாருக்கு என்று கேட்டேன்.

"எனக்குத்தான், நைனா. இவ்ளோவும் கேட்டுட்டு மண்டையில சும்மா கெடக்குது. எங்க கொண்டுபோயி கொட்றது?"

தமிழ்ப் பகுதியைப் பற்றிக் கவலையில்லை, பத்தாவதில் தமிழில் தான்தான் முதல் என்றார். அது எனக்குச் செய்தி. உனக்குத் தெரியுமா?

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போனேன். உன் ராட்டை இருந்த இடத்தில் உட்கார மனம் வரவில்லை. எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். கடையில் வாங்கிய பருமனான கைடைப் பிரித்து முதல் கேள்வியைப் படித்தேன். மாநிலங்களவைக்குக் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படும் உறுப்பினர்களின் எண்ணிக்கை யாது. நாடா போய், வந்து, மறுபடியும் போய்விட்டது. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. உன் மாதிரி வெட்டிக் கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

"நியமன எம்.பி.?" என்றேன்.

"பதினாலு" என்றார், நாடா திரும்புவதற்கு முன்பே.

கைடிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தேன். நோட்டு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அது போகவில்லை. முழுசாக இங்கே குழிக்குள் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தது. உன் பாதி, என் பாதி, என் பொய், எல்லாம்.

பன்னிரண்டும்மா என்று மெதுவாகச் சொன்னேன்.

"பதினாலு. எம் புள்ள பதினாலுன்னுதான் சொன்னான்."

புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன். பார்க்கவே இல்லை. அச்சடித்தவன் தப்பாக அடித்திருப்பான் என்றார். மறுநாள் மூன்று புத்தகம் கொண்டுபோனேன். மூன்றிலும் பன்னிரண்டு. எல்லாரும் ஒருத்தனைப் பார்த்துக் காப்பி அடித்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு நெய்தார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் செய்வதே அதுதான் என்பதால் மூன்றையும் மூடிப் பைக்குள் வைத்தேன்.

அந்த வாரம் முழுக்க எனக்குப் பேஜார். சொல்லாமல் விட்டால் தேர்வில் பதினொரு கேள்வி போகும். இந்தத் தேர்வில் ஒரு கேள்வி போனாலே எத்தனையோ பேர் முன்னால் போய்விடுவார்கள் என்று கைடு விற்றவர்கூடச் சொன்னார். சொன்னால், உன் அம்மா காதில் இருக்கும் உன் குரலில் நான் கை வைத்த மாதிரி. உன் போட்டோ ஒன்று சுவரில் இருக்கிறது, அது ஆதார் கார்டுக்கு எடுத்தது, அதில் நீ யாரையோ போலிருக்கிறாய். உன் அம்மாவுக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி பதில்தான். அதில் எதெல்லாம் நீ, எதெல்லாம் நான் என்று பிரிக்க வேண்டும். அதுவும் பொய் சொன்னவனே வந்து பிரிக்க வேண்டும்.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. பதினொன்று என்று எண்ணிக்கை நினைவிருக்கிறது. எவையெவை என்று எட்டுதான் நினைவுக்கு வந்தன. விளையாட்டுக்குச் செய்தவனுக்கு எதுவும் ஞாபகம் இருப்பதில்லை. உன்னைப் போல எந்தப் பக்கம் என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தேனா என்ன.

ஒரு வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொன்னேன். அவன் சொன்னது தப்பில்லம்மா, நோட்டில் நான்தான் வேண்டுமென்றே தப்பாக எழுதினேன், அவன் என்னை நம்பிப் படித்தான், ஏப்ரலில் சொல்லலாம் என்றிருந்தேன். இவ்வளவுதான். மனப்பாடம் செய்துகொண்டு போனதால் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

தறி நின்றது. அம்மா நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இழை அறுந்திருந்தது போல. அதை எடுத்து, எச்சில் தொட்டு, முறுக்கி இணைத்தார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"அவனுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"காச்சலப்போ வந்தியே. அப்பவும் சொல்லலியா?"

இல்லை என்றேன்.

"சொல்லியிருக்கலாம்டா. மறுநாளு சிரிச்சிருப்பான்."

 உன் ராட்டை இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா என்று கேட்காதே, உன் பாதி அது, கண்ணீர்ச் சுரப்பி. அம்மா திட்டவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. தலையைத் தடவவும் இல்லை. நான் முடிக்கும் வரை கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மிதியில் காலை வைத்தார்.

"நானு முதல்லேர்ந்து சொல்லிகினு வரேன். எது உன்னுதோ அங்க நிறுத்து."

மூன்று சாயங்காலம் ஆயிற்று. கேள்வியும் அவரே, பதிலும் அவரே. நடுவில் ஒன்றைக் கேட்டால் அவருக்கு வராது. ஆரம்பத்திலிருந்து வந்தால்தான் வரும், நெசவு மாதிரி. அப்போதுதான் தெரிந்தது, அவர் மனப்பாடம் செய்தது விடைகளை மட்டும் இல்லை. உன் தும்மலையும் சேர்த்து. தெள்ளாற்றுச் சண்டையில் ஜெயித்த பல்லவ ராஜா பேரைச் சொன்னதும், "இங்கேர்ந்து ஒரு பஸ்ஸு தூரம்மா, ஒருநாளு போலாம்" என்று உன் குரலிலேயே சொன்னார். வெற்றிடத்தில் ஒலி கேட்காது என்று சொல்லிவிட்டு, "அப்ப அங்க போயி நெய்யி, பக்கத்து வூட்டுக்காரங்க சண்டைக்கி வரமாட்டாங்க" என்றார். அதுவும் நீ சொன்னது. என் பெயர்கூட வந்தது. 'எரும இன்னும் வரல' என்று ஒரு பதிலுக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில். நீ இல்லாத இந்த மாதங்களில் உன்னை அவ்வளவு கிட்டத்தில் நான் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டே, எங்கே என் பொய் வருகிறது என்று காவல் காத்தேன்.

நிறுத்து என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் உன் பேச்சை நானே வெட்டினேன். நியமன எம்.பி. பன்னிரண்டு. ஜனாதிபதி முப்பத்தைந்து. அம்மா சரியானதை என் குரலில் கேட்டு, இரண்டு தடவை நாடாவோடு சொல்லிப் பார்த்துவிட்டுத் தாண்டுவார். மறந்திருந்த மூன்றில் இரண்டு தானாக அகப்பட்டன. பத்து ஆயிற்று.

பதினொன்றாவது மூன்றாம் நாள் வந்தது. வந்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஊராட்சித் தேர்தலில் போட்டியிடக் குறைந்தபட்ச வயது. இருபத்தொன்று. நீ உங்கள் தெருவுக்குக் குழாய் வரவில்லை என்று மனு எழுதிக்கொண்டிருந்த சமயம். ஒருநாள் வார்டு மெம்பராக நின்று ஜெயித்து நானே போடுவேன் என்றாய். உன்னைக் கொஞ்சம் பறக்க விடலாமே என்று, ஓட்டுப் போடும் வயதும் நிற்கும் வயதும் ஒன்று என்கிற மாதிரி, பதினெட்டு என்று எழுதினேன். நீ அதைப் படித்துவிட்டு நாட்கணக்கில் தரையில் நடக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு தாங்கவில்லை.

"மெம்பருக்கு வயசு?" என்று அம்மா கேட்டார். "பதினெட்டு" என்று அவரே சொன்னார். நாடா போய்க்கொண்டே இருந்தது. "அடுத்த வருசம் நானு நிப்பேம்மா. நீ ஓட்டு போடுவல்ல?" என்றார், உன்னைப் போலவே கொஞ்சம் தலையைச் சாய்த்து. பிறகு தன் குரலில், "போடாம பின்ன?" என்றார். அதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார், தான் அன்றைக்குச் சொன்ன பதிலை.

நான் நிறுத்து என்று சொல்லவில்லை. மூன்று நான்கு கேள்வி தாண்டிப் போய்விட்டது. அம்மாவே நிறுத்தினார். பத்துதானே ஆச்சு, இன்னொன்று எங்கே என்றார். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். இருபத்தொன்று என்றேன். அதற்கு மட்டும் நாடாவோடு சொல்லிப் பார்க்கவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

தேர்வு நாளன்று அப்பாவின் மொபெட்டில் உட்கார வைத்து ஆரணிக்குக் கூட்டிவந்தேன். நல்ல சேலை ஒன்று கட்டியிருந்தார். அவர் நெய்தது இல்லை, அதெல்லாம் வேறு யாரோ கட்ட. கறுப்புப் பேனா மூன்று. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டம் இருக்கும், ஐந்தாவது 'விடை தெரியவில்லை' என்பதற்கு, தெரியாவிட்டால் அதைக் கறுப்பாக்கிவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். தெரியாது என்று சொல்வதற்கும் இடம் வைத்திருக்கும் பரீட்சை உனக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.

கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றேன். முடித்துவிட்டு வந்த அம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேள்வி எல்லாம் நீளம், வெட்டி வெட்டிப் படிக்க நேரம் ஆகிவிட்டது என்றார். பாதிக் கேள்விக்கு மேசைக்கு அடியில் காலை மிதித்துக்கொண்டே இருந்தாராம். மேற்பார்வைக்கு வந்த டீச்சர் இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டுப் போனாராம். கேள்வித்தாளை வாங்கிப் புரட்டினேன். நம் பதினொன்றில் வந்தது ஒன்றுதான். எது என்று உனக்கே தெரிந்திருக்கும். பதினெட்டு, இருபத்தொன்று, இருபத்தைந்து, முப்பது என்று நான்கு விடை கொடுத்திருந்தார்கள்.

இருபத்தொன்று போட்டீங்கதானே என்று கேட்டேன்.

மொபெட்டில் ஏறி உட்கார்ந்து சேலையைச் செருகிக்கொண்டார். "பதினெட்டு போட்டேன்."

மறந்துவிட்டீர்களா என்றேன். குரல் உயர்ந்துவிட்டது எனக்கு. ஒரு கேள்வியில் வேலை போகும், கைக்கு வந்ததை ஏன் விட்டீர்கள், நான்தான் சொன்னேனே, அந்தப் பதினெட்டு அவன் கண்டுபிடித்தது இல்லை, நான் விளையாட்டுக்கு எழுதியது. ரோட்டில் நின்றுகொண்டு என்னென்னவோ சொன்னேன்.

அவர் அவசரப்படவில்லை.

"மறக்கல, நைனா. இருபத்தொண்ணுதான்னு தெரியும். அதும் மேலதான் பேனாவ வெச்சேன். வெச்சா, அவனுக்கு வயசு பத்தாதுன்னு நானே எழுதிக் குடுத்தா மாதிரி ஆயிடுது. மத்தது வந்திருந்தா நீ சொன்னா மாதிரிதான் போட்டிருப்பேன். அது ஒண்ணு அவனுக்கு."

பிறகு, வெயில் ஏறுகிறது, ஜல்தியாக ஓட்டு என்றார்.

வழியில் கண்ணாடியில் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அழுதாரா, காற்றுக்கு மூடினாரா என்று தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன்.

இன்னும் ரிசல்ட் வரவில்லை. சாயங்காலம் இப்போதும் போகிறேன். இப்போது அவர் கேட்கிறார், நான் சொல்கிறேன். எனக்குப் பிளஸ் டூ வருகிறதாம். ராட்டை சுற்றவும் ஓரளவு வந்துவிட்டது, நூல் அறுத்தால் திட்டு விழுகிறது. எதைப் படித்தாலும் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று பென்சிலில் எழுதிக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்து, திருந்திவிட்டான் என்கிறார்கள். திருந்தவில்லை. விளையாட்டை இன்னும் விடவில்லை. செய்த அன்றைக்கே, சாயங்காலத்துக்குள், நான்தான் என்று சொல்லிவிடுகிறேன். அதனால் சுவை பாதியாகிவிடுகிறது. பரவாயில்லை.

போன மாதம் எனக்குப் பதினெட்டு ஆயிற்று. ஓட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனேன். பக்கத்தில் நின்ற பையன் ஒருவன், அப்படியென்றால் இனி நாமும் தேர்தலில் நிற்கலாமா என்று என்னைக் கேட்டான். இருபத்தொன்று ஆக வேண்டும் என்று சரியாகத்தான் சொன்னேன். ஆனால் சொல்வதற்கு முன் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் முள்ளிப்பட்டுத் தெருவில் நீ வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு வந்தாய். உன் அம்மா தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்து வாங்கிக்கொண்டார். பிறகு அந்தப் பையனுக்குப் பதில் சொன்னேன்.